அளவுப் பலகை

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மூன்று வாரம் எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு நான் எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையின் நாயகியை அடுத்து எந்த ஊருக்கு அனுப்புவது என்பதல்ல அந்தக் கவலை. அவள் எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்வாள். மீன் பிடிக்கும் போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுப்பதா, வேண்டாமா என்பதுதான் கவலை.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும். அதற்குள் நான் விஷயத்தை ஆரம்பித்துவிடுகிறேன்.

நான் குடியிருப்பது அமெரிக்காவில், டெக்ஸஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்துக்கு வடக்கே உள்ள பிளேனோ என்ற ஊரில். என் மனைவிக்கு இங்கே உத்தியோகம். எனக்கு உத்தியோகம் எழுத்து. அதை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்று சொல்லித்தான் என்னை அழைத்து வந்தார்கள். எங்கே உட்கார்ந்தும் எழுதலாம் என்பது எழுதாதவர்கள் சொல்லும் வார்த்தை. வந்த முதல் வருஷம் எனக்குப் பேனா ஓடவில்லை. வீட்டில் குளிர்சாதன இயந்திரம் முனகுவதைத் தவிர வேறு சத்தம் கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் குளத்தங்கரையில் வளர்ந்தவனுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் தண்ணீரும், ஒரு கொக்கும், யாரோ எங்கோ துணி துவைக்கும் ஓசையும் இருந்தால்தான் என் பாத்திரங்கள் வாயைத் திறப்பார்கள்.

தண்ணீர் 2020-ல் கிடைத்தது. அந்த வருஷம் கொள்ளைநோய்க்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம் அல்லவா? திறந்த வெளியில் தனியாக இருந்தால் நோய் ஒட்டாது என்று தெரிந்ததும் அமெரிக்க ஜனங்கள் கயாக் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். கடைகளில் கயாக்குக்குத் தட்டுப்பாடே வந்துவிட்டது. கயாக் என்றால் ஓர் ஆள் உட்காரும் ஒல்லியான படகு. வடதுருவத்து மக்கள் தோலால் செய்து கடலில் வேட்டைக்குப் போன படகின் வம்சம். இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. என் மைத்துனன் எங்கோ தேடி ஒன்றைப் பிடித்துவிட்டான். பன்னிரண்டு அடி நீளம். காலால் மிதித்தால் அடியிலுள்ள துடுப்புகள் மீனின் துடுப்பு போல அசைந்து படகைத் தள்ளும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய் வந்தான். மூன்றாவது ஞாயிறு முதுகு பிடித்துக்கொண்டது. "அத்தான், உங்களுக்குத்தான் இது சரிப்படும். சும்மா உட்கார்ந்திருக்கிறது உங்களுக்குப் பழக்கம்தானே" என்று என் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான்.

அன்று முதல் சனிக்கிழமை தோறும் விடிவதற்குள் நான் லேக் ஃபோர்க் ஏரிக்குப் போய்விடுவேன். பிளேனோவிலிருந்து ஏறத்தாழ 80 மைல். ஏரி என்கிறோமே தவிர அதுவும் அணை கட்டித் தேக்கியதுதான். சபைன் நதியில் சேரும் ஓர் ஓடையை மறித்து 1980-ல் அணையை முடித்தார்கள். பரப்பு 27,000 ஏக்கர். தண்ணீர் தேக்குவதற்கு முன் உள்ளே நின்ற காட்டை முழுக்க வெட்டிச் சாய்க்காமல் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பட்ட மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. விடியற்காலை மூடுபனியில் அவற்றுக்கு நடுவே படகு நுழையும்போது, எதிர்சேவைக்கு வந்து இடம் கிடைக்காமல் ஆற்றுக்குள்ளேயே நின்றுவிட்ட கூட்டம் போல இருக்கும். குளிர்காலத்தில் வெள்ளைக் கூழைக்கடாக்கள் வரும். எங்கள் பக்கத்துக் கூந்தன்குளத்துக் கூழைக்கடாவுக்கு இவை பெரியப்பா முறை. உடம்பில் கொஞ்சம் பெரியவை.

அங்கே மரத்தில் படகைக் கட்டிவிட்டுத் தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அத்தியாயங்கள் தாமாக வரும். மூன்று வருஷத்தில் ஒரு நாவலும் ஒன்றரைத் தொடர்கதையும் அந்தப் படகில்தான் உருவாயின. மீன் சில நாள் வரும். சில நாள் வராது. நான் கணக்கு வைத்துக்கொண்டதில்லை.

மீன் என்றால் அங்கே பாஸ் மீன்தான், அதிலும் பெரிய வாய்ப் பாஸ். நம் ஊர் விராலுக்கு இது உறவு அல்ல. ஆனால் குணத்தில் அண்ணன் தம்பி. ஓடித் திரிந்து இரை தேடாது. வேர் ஓரத்தில், பாசி மறைவில், நிழலில் அசையாமல் நின்று, பக்கத்தில் ஏதாவது வந்தால் 'படக்' என்று வாயைத் திறந்து உறிஞ்சிவிடும். விராலுக்குத் தவளை போல இதற்கும் தவளை பிடிக்கும். ரப்பரில் செய்த தவளையானாலும் சரி.

இந்த ஏரியில் ஒரு விசேஷச் சட்டம் உண்டு. 16 அங்குலத்துக்கும் 24 அங்குலத்துக்கும் இடைப்பட்ட பாஸ் எதுவானாலும் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதற்குக் குறைந்ததைக் கொண்டுபோகலாம். 24 அங்குலத்தை எட்டியதில் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. இளைத்ததைத் தின்று, கொழுத்ததை வளரவிடும் சட்டம். அது பலித்தும் இருக்கிறது. 1992 ஜனவரியில் 18.18 பவுண்டு எடையுள்ள பாஸ் இங்கே அகப்பட்டது. மாநிலச் சாதனை அது. அதற்கு முன், 1986 நவம்பரில், 17.67 பவுண்டில் ஒரு பெண் மீன் அகப்பட்டு, அதற்கு எதெல் என்று பெயரே சூட்டிவிட்டார்கள். மிஸௌரி மாநிலத்தில் ஒரு பெரிய கடையின் கண்ணாடித் தொட்டியில் ராஜாத்தி போல வாழ்ந்து 1994-ல் காலமாயிற்று. அதை முதலாவதாகக் கொண்டுதான், பெரிய மீன் பிடிப்பவர்கள் அதைக் குஞ்சு பொரிக்க அரசாங்கத்துக்கு இரவல் தரும் திட்டமே டெக்ஸஸில் ஆரம்பமாயிற்று.

இதை ஒரு நாள் டெலிபோனில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. "பேர் வச்ச மீனைத் திங்கக் கூடாதுதான்" என்றாள். பிறகு, "நீ பிடிக்கிற மீனை என்ன செய்யுதே?" என்றாள். விட்டுவிடுகிறேன் என்றேன். "பின்னே எதுக்குப் பிடிக்கே?"

இந்தக் கேள்விக்கு இன்று வரை நல்ல பதில் அகப்படவில்லை.

போட்டி விஷயத்தை எனக்குச் சொன்னவர் படகுத்துறையில் பழக்கமான ஒரு பெரியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 70-க்கு மேல். முழங்காலில் சிகிச்சை செய்துகொண்டவர். மார்ச் மாதத்தில் இந்த ஏரியில் கயாக்காரர்களுக்கு மட்டுமான பெரிய போட்டி நடக்கிறது, முந்நூறு பேராவது வருவார்கள், நீயும் பெயர் கொடு என்றார். எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. சும்மா இருப்பதில் போட்டி வைப்பது போலத் தோன்றியது.

ஆனால் அமெரிக்காவில் இது சின்ன விஷயம் அல்ல. பாஸ் மீன் போட்டியை இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தவர் அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். 1967-ல் ஒரு நாள் மழையில் மீன் பிடிக்கப் போக முடியாமல் ஓட்டல் அறையில் அடைபட்டு, டெலிவிஷனில் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பந்து எறிவதைப் பார்க்க இத்தனை பேர் என்றால் மீன் பிடிப்பதற்கு ஏன் கூடாது என்று தோன்றிவிட்டது. அதே வருஷம் ஜூனில் ஆர்கன்ஸாஸ் மாநிலத்து பீவர் ஏரியில் தலைக்கு 100 டாலர் வசூலித்து 106 பேரைக் கூட்டிப் போட்டி நடத்தியேவிட்டார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டால் ஆகாத காரியம் உண்டா? போட்டிகள் பெருகின, செத்த மீன் குவியலும் பெருகியது. 1972-ல் அவரே, பிடித்த மீனைக் கொல்லாதே, உயிரோடு கொண்டுவந்து நிறுத்துவிட்டுத் திரும்ப விடு என்று பிரசாரம் செய்யத் தொடங்கினார். 2022-ல்தான் காலமானார்.

அந்தப் போட்டிகளில் ஓடும் படகுகளுக்கு 250 குதிரைச் சக்தி எஞ்சின். விலையைக் கேட்டால் நம் ஊரில் வீடு வாங்கலாம். கயாக்காரர்களின் போட்டி ஏழைகளின் திருவிழா என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் பக்கத்து வீதி. இதில் மீனை நிறுப்பது கிடையாது, அளப்பதுதான். ஒவ்வொருவரும் மடியில் ஓர் அளவுப் பலகை வைத்துக்கொள்ள வேண்டும். மீனை அதன் மேல் கிடத்தி, தலை இடப்பக்கம் இருக்க, வாய் மூடி, மூக்கு பலகையின் தடுப்பைத் தொட, அன்றைக்குக் கொடுத்த அடையாளச் சீட்டும் தெரியும்படி போட்டோ எடுத்து டெலிபோனிலேயே அனுப்ப வேண்டும். உடனே மீனை எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். கால் அங்குலம் வரை கணக்கு. எத்தனை பிடித்தாலும் நீளமான ஐந்து மீன்களின் கூட்டுத்தொகைதான் மதிப்பெண்.

எடுத்த இடத்திலேயே விடுவது எனக்குப் பிடித்திருந்தது. மார்ச் மாதத்தில் பாஸ் கரையோரம் வந்து முட்டையிடும். ஆண் மீன் கூட்டைக் காத்து நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டு பத்து மைல் போய் நிறுத்துக் காட்டிவிட்டு அங்கேயே விட்டால், இங்கே சின்ன மீன்கள் முட்டையைத் தின்று தீர்த்துவிடும். பலகைப் போட்டியில் தகப்பன் ஒரு நிமிஷத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பணமும் இதில் குறைச்சல் இல்லை. 2018-ல் கென்டக்கி ஏரியில் நடந்த தேசியப் போட்டியில் 700 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். முதல் பரிசு 1,00,000 டாலர். எங்கள் ஏரிப் போட்டி அவ்வளவு பெரியது அல்ல. நுழைவுக் கட்டணம் மட்டும் 250 டாலர்.

இந்த 250 டாலரில்தான் வீட்டில் விவாதம் ஆரம்பமாயிற்று. என் நாவல் ஒன்றின் இரண்டாம் பதிப்புக்கு அந்த வருஷம் வந்த ராயல்டி ஏறக்குறைய அதே தொகை.

"நாவல் எழுதின காசை மீனுக்குக் கட்டப் போறீங்களா?" என்றாள் என் மனைவி.

"மீனுக்கு இல்லை. போட்டி நடத்துகிறவர்களுக்கு."

"மீனுக்குக்கூட இல்லையா!"

அவளுடைய உண்மையான ஆட்சேபம் காசு அல்ல என்பது எனக்குத் தெரியும். 2023 நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் வரும் என்று சொல்லியிருந்த வாடைக் காற்று மத்தியானமே வந்துவிட்டது. வடக்கே மலை ஏதும் குறுக்கே இல்லாததால் அந்தக் காற்று கனடாவிலிருந்து நேரே இறங்கும்; அரை மணியில் ஏரி கடலாகிவிடும். நான் ஓர் ஓடை வாய்க்குள் ஒதுங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தேன். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே டெலிபோன் எடுக்கவில்லை. கரைக்கு வந்து பார்த்தபோது அவள் பதினொரு தடவை கூப்பிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாதம் போட்டாள். அந்த மௌனம் பதினொரு தடவையையும்விடப் பெரியது.

சாதாரணச் சனிக்கிழமையில் காற்று எழுந்தால் நான் கிளம்பி வந்துவிடலாம். போட்டி நாளில் வருவேனா? ஐந்தில் நான்கு மீன் கையில் இருந்து, இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தால்? அவள் கேட்டது இதைத்தான். பிப்ரவரி கடைசியில் ஏரித் தண்ணீர் 54 டிகிரி. நம் கணக்கில் 12. விழுந்தால் முதலில் மூச்சு அடைக்கும். சில நிமிஷத்தில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. கிணற்றில் நீச்சல் பழகிய பெருமை அங்கே செல்லாது.

சரி, ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று தீர்மானித்தேன். ஒரு சனிக்கிழமை பெரியவரிடம் அளவுப் பலகையை இரவல் வாங்கிக்கொண்டு, போட்டி விதிப்படி விடிந்தது முதல் இரண்டு மணி வரை என்று வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, படகை மரத்தில் கட்டத் தோன்றவில்லை. மூன்று வருஷமாகப் போய்க்கொண்டிருந்த அதே ஓடை வாயில் நான் பார்க்காத பொருள்கள் எல்லாம் கண்ணில் பட்டன. வடகரையில் வாடை படாது, வெயில் நேரே விழும். அங்கே தண்ணீர் மூன்று டிகிரி அதிகச் சூடு என்பதைக் கருவியில் பார்த்தேன். அங்கே தண்ணீருக்கு அடியில் வரிசையாக அடிமரங்கள் இருந்தன. ஒரு காலத்தில் வேலி ஓரமாக நட்டவையாக இருக்க வேண்டும். யாருடைய வயலோ. அந்த வரிசையின் மேல் நூறு தடவையாவது நான் மிதித்துக்கொண்டு போயிருப்பேன்.

ஒன்பது மணிக்குள் 14.25 அங்குலத்தில் ஒன்று, 16.50-ல் ஒன்று. பதினொன்றரைக்கு அந்த அடிமரங்களில் மூன்றாவதின் ஓரத்தில் தூண்டில் நின்றுவிட்டது. வேர் என்று நினைத்தேன். வேர் நகர்ந்தது. கயாக்கில் பெரிய மீன் என்றால் மீன் நம்மை இழுக்கும், படகு திரும்பும், அது போகிற பக்கம் நாமும் கொஞ்ச தூரம் விருந்தாளியாகப் போக வேண்டும். வலையில் வாங்கி மடியில் பலகை மேல் கிடத்தியபோது என் கை நடுங்கியது. பெரியவர் ஒரு விதி சொல்லியிருந்தார்: மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும் வரை நீயும் மூச்சு விடாதே. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயை மூடினேன்; என் வாயை அல்ல, மீனுடையதை. 19.75. போட்டோ எடுத்து விட்டேன். அது உடனே ஓடவில்லை. படகு நிழலில் ஒரு கணம் நின்று, பிறகு வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிப் போயிற்று.

அதற்குப் பிறகு இரண்டு மணி வரை ஒன்றும் இல்லை. மொத்தம் 50.50 அங்குலம். இதே ஏரியில் முதல் இடத்துக்கு வருகிறவர்கள் ஐந்து மீனில் 90, 100 அங்குலம் என்று சேர்ப்பார்கள்.

திரும்பும் வழியில், கிரீன்வில் ஊரைத் தாண்டும்போதுதான், கதாநாயகி நினைவு வந்தது. போன வாரம் தென்காசி ரயில் நிலையத்தில் பெட்டியும் கையுமாக நிறுத்தி வைத்தவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். எட்டு மணி நேரத்தில் அவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கூழைக்கடா வந்ததா, இல்லையா என்றும் சொல்ல முடியவில்லை. கொக்கு இருந்த இடம் மட்டும் ஞாபகம் இருந்தது. கொக்கு நின்றால் அங்கே சின்ன மீன் இருக்கும், சின்ன மீன் இருந்தால் பெரிய மீன் இருக்கும். கொக்கும் எனக்கு வேலைக்காரன் ஆகிவிட்டது.

இதை வைத்து, போட்டி வேண்டாம் என்று அன்றே தீர்மானித்திருக்க வேண்டும். பாதி தீர்மானித்தும்விட்டேன். ஆனால் அன்று இரவு படுத்தால் அந்த அடிமர வரிசைதான் வருகிறது. இரண்டு மீன் குறைந்துபோன குறை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஏரியை அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேனோ என்ற எண்ணம். மூன்று வருஷம் அங்கே என் கதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். இருபத்திரண்டாவது வயதில் ஒரு பத்திரிகையின் நாவல் போட்டிக்கு 300 பக்கம் எழுதி அனுப்பினேன். கடைசித் தேதி என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த நாவலை நான் முடித்தே இருக்க மாட்டேன். பரிசு எனக்கு இல்லை. நடையில் சரளம் போதவில்லை என்று நடுவர் ஒருவர் அபிப்பிராயப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். பிறகு அதே நாவல் புத்தகமாக வந்தபோது, நடையின் சரளமே அதன் பலம் என்று ஒரு விமரிசகர் எழுதினார். இருபது வருஷமாக இப்படித்தான் போகிறது. இந்த வருஷம் நன்றாக இருந்தது அடுத்த வருஷம் சுமாராகிவிடுகிறது. எழுத்தும் காகிதமும் அப்படியேதான் இருக்கின்றன. இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், அளவுப் பலகைக்கு முன்னால் போய் நிற்க ஆசை வருவதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும். பலகைக்கு நடை தெரியாது. முன்னுரை யார் எழுதியது என்று பார்க்காது. 19.75 என்றால் 19.75. சென்னையில் என்ன பேசிக்கொண்டாலும் அது 19.50 ஆகாது.

பெரியவரிடம் பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, நீங்கள் எத்தனையாவது இடத்துக்கு வருவீர்கள் என்று கேட்டேன். பட்டியலைக் கீழே இருந்து பார்த்தால் சீக்கிரம் அகப்படுவேன் என்றார். பின் எதற்கு வருஷா வருஷம் பணம் கட்டுகிறீர்கள்? அவர் கயாக்கில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்: வருஷம் முழுவதும் தனியாகப் பிடிக்கிறேன், இரண்டு நாள், தனியாகப் பிடிக்கிற முந்நூறு பேரோடு சேர்ந்து தனியாகப் பிடிக்கிறேன், முதல் நாள் ராத்திரி கூட்டத்தில் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும், நான் சொல்வது என்ன என்று புரிந்துகொள்கிறவன் பக்கத்தில் இருக்கிறான், என் பெண்டாட்டி போன பிறகு வேறு எங்கேயும் அப்படி இல்லை.

அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. தபால் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். பிளேனோவில் என் நாவலைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் ஒரு தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு கைவிரல் போதும். அதில் ஒருவன் மைத்துனன். அவனும் முதல் பாகம்தான்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரவு பன்னிரண்டு மணியோடு முடிந்தது. ஒன்பது மணிக்கு மனைவி எதிரில் உட்கார்ந்து, "கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்" என்றேன். காற்று மணிக்கு 15 மைலைத் தாண்டினால் கையில் நான்கு மீன் இருந்தாலும் கரைக்கு வந்துவிடுவேன். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற மாட்டேன். அது போட்டி விதியும்கூட. டெலிபோன் எடுக்காத ஓடைக்குள் போக மாட்டேன்.

"அந்த அடிமரம் இருக்கிற இடத்திலே டெலிபோன் எடுக்குமா?"

எடுக்காது. இதை நான் யோசிக்காமல் இல்லை. என் ஏரியில் எனக்குத் தெரிந்த ஒரே நல்ல இடம் அது.

"எடுக்காது" என்றேன்.

"அப்ப வேற இடம் பார்த்துக்கோங்க" என்றாள். அது சம்மதம்தான்.

விண்ணப்பத்தில், உங்களை ஆதரிக்கும் கம்பெனி எது என்று ஒரு கட்டம் இருந்தது. தூண்டில் கம்பெனி, படகுக் கம்பெனி என்று அங்கே எழுதுவார்கள். "உன் பெயரைப் போடட்டுமா?" என்றேன். "போடுங்க, காசையும் நானே கட்டினேன்னு போடுங்க" என்றாள். வெறுமையாக விட்டுவிட்டு 250 டாலரைக் கட்டினேன்.

போட்டிக்கு இன்னும் மூன்று சனிக்கிழமை இருந்தன. அடுத்த சனிக்கிழமை பலகை இல்லாமல் ஏரிக்குப் போய், படகைப் பழையபடி மரத்தில் கட்டி, கதாநாயகியைத் தென்காசியிலிருந்து செங்கோட்டைக்கு ரயிலேற்றிவிட்டேன். மற்றொரு வாரத்து அத்தியாயத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டால் போட்டி நாளில் அவளைப் பற்றி யாரும் என்னைக் கேட்க முடியாது. மீதி இரண்டு சனிக்கிழமையும் அணைக்குப் பக்கத்தில், டெலிபோன் எடுக்கிற கரையாகப் பார்த்து, தண்ணீர் சூட்டைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். பலகை ஒன்று புதிதாக வாங்கிவிட்டேன். 26 அங்குலம் வரை கோடு போட்டிருக்கிறது.